ஊரின் சினிமா நினைவைக் காக்க எந்தப் பட்டறை? நான்கு வழிகளும் அவற்றின் செலவும்

"எங்கள் ஊரில் இருந்த பழைய தியேட்டர்களில் ஒன்றுகூட இப்போது ஓடவில்லை. அங்கே வேலை பார்த்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகளை வைத்து ஒரு பட்டறை நடத்தலாம் என்று நினைக்கிறோம். குறும்படம் எடுக்கச் சொல்லித் தருவதா, பெரியவர்களைப் பேட்டி எடுப்பதா, பழைய பொருள்களைச் சேகரிப்பதா?"

நூலக வாசகர் வட்டங்கள், திரைப்பட இயக்கங்கள், கல்லூரி ஆசிரியர்கள் என்று பலரும் கேட்கும் கேள்வி இது. கையில் இருப்பது நான்கைந்து நாள், சின்னத் தொகை, சுமார் 20 பேர். எல்லாவற்றையும் செய்ய முடியாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான ஊர்களுக்கு வாய்மொழிப் பதிவுதான், அதாவது பெரியவர்களைப் பேட்டி எடுத்துப் பதிவதுதான், முதல் வேலை. ஆனால் சில ஊர்களில் அதைத் தள்ளிவைத்துவிட்டு வேறொன்றை உடனே செய்தாக வேண்டியிருக்கும். உங்கள் ஊர் எந்த வகை என்று கண்டுபிடிக்கத்தான் இந்த ஒப்பீடு.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், எது சீக்கிரம் போகும் என்பது. 35 மி.மீ. பிலிமில் படம் ஓட்டிய தலைமுறை இப்போது 60, 70 வயதைத் தாண்டிவிட்டது. பாட்டுப் புத்தகம் மட்டமான தாளில் அச்சானது. தொட்டால் ஓரம் உதிர்கிறது. தியேட்டர் கட்டடம் கல்யாண மண்டபமாகவோ குடோனாகவோ மாறிக்கொண்டிருக்கிறது. இவற்றில் உங்கள் ஊரில் எதற்குக் கெடு நெருங்கியிருக்கிறது?

இரண்டாவது, பட்டறை முடிந்த பிறகு சேர்ந்த பொருள் யார் கையில் இருக்கும் என்பது. என் பார்வையில் இதுதான் தலையாயது, இதைத்தான் கடைசியில் யோசிக்கிறார்கள். ஒருங்கிணைப்பாளரின் லேப்டாப்பில் இருக்கும் பதிவு, லேப்டாப் போகும் அன்று போய்விடும்.

மூன்றாவது, பணம். வாடகை, சாப்பாடு, பயிற்றுநர் செலவு எல்லாருக்கும் தெரியும். பட்டறைக்குப் பிறகு வரும் செலவுதான் திட்டத் தாளில் ஏறுவதில்லை.

நான்காவது, உரிமை. இந்தியச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் காப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். பாட்டுக்கும் வசனத்துக்கும் கணக்கு வேறு: எழுதியவர் இறந்த பிறகு 60 ஆண்டுகள். எனவே படம் காப்புரிமை தீர்ந்து பொதுவுடைமை ஆகிவிட்டாலும் அதன் பாட்டு ஆகாமல் இருக்கலாம்.

கடைசியாக, வரும் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும். அவர்கள் வெறும் கூலியில்லா ஆள்களாக இருந்தால் இரண்டாம் நாளே கூட்டம் கரைந்துவிடும்.

## 1. குறும்படப் பட்டறை

பிள்ளைகளை இழுக்க இதைவிட நல்ல வழி இல்லை. 'நிழல்' சினிமா இதழின் 'நிழல்-பதியம்' குறும்படப் பட்டறைகளைப் போன்ற முயற்சிகள், சென்னைக்குப் போகாமலே கேமராவும் எடிட்டிங்கும் கற்றுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையைச் சிறு ஊர்களுக்குக் கொடுத்தன. அந்த மதிப்பை நான் குறைக்க மாட்டேன்.

ஆனால் மரபைக் காக்கும் வேலைக்கு இது பலவீனமான கருவி. "பழைய தியேட்டர்" என்று தலைப்புக் கொடுத்தால், மூடிய தியேட்டர் வாசலில் ஒரு முதியவர் கண்கலங்கி நிற்பார், பின்னணியில் புல்லாங்குழல் ஒலிக்கும். படம் நன்றாகவே இருக்கும். அந்த ஊரின் தியேட்டரில் டிக்கெட் எப்படிக் கிழித்தார்கள், பெண்கள் பக்கம் எங்கே இருந்தது, இடைவேளை முறுக்கு யார் வீட்டிலிருந்து வந்தது என்ற எதுவும் அதில் இருக்காது.

மறைவான செலவு நேரத்தில் இருக்கிறது. கதை எது என்று முடிவாகவே ஒன்றிரண்டு நாள் போய்விடும். எடிட்டிங்குக்கு லேப்டாப் பற்றாது. பழைய சினிமாப் பாட்டைச் சேர்த்து யூடியூபில் ஏற்றினால் உரிமைப் பிரச்சினை வரும். எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது, எடிட் முடிந்ததும் மெமரி கார்டைக் காலி செய்யும் பழக்கம். படத்தில் சேராத காட்சிகளில்தான் கட்டடத்தின் உள்பக்கமும், வேடிக்கை பார்க்க வந்த ஊர்க்காரர் சொன்ன தகவலும் இருக்கும். அவை அன்றே அழிகின்றன.

இரண்டு நிலைமைகளில் நானே இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஒன்று, தியேட்டர் இன்னும் நிற்கிறது, உரிமையாளர் உள்ளே விடுகிறார், சீக்கிரம் இடிக்கப்போகிறார். அப்போது அங்கேயே படமெடுங்கள். தரை டிக்கெட்டுக்கு வரிசை நின்ற அந்தக் குறுகலான கூண்டு, ஆபரேட்டர் ரூம் படிக்கட்டு, திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர் வைத்த இடம் எல்லாம் கதையோடு கதையாகப் பதிவாகிவிடும். இன்னொன்று, ஊரில் சினிமாவைச் சார்ந்த கைத்தொழில் இன்னும் உயிரோடு இருப்பது. கையால் பேனர் எழுதும் ஓவியர் ஒருவர் இருந்தால், அவர் கட்டம் போட்டு முகத்தைப் பெரிதாக்கும் விதத்தை முழுதாகப் படமாக்குவது எந்தக் கற்பனைக் கதையையும்விடப் பெரிய காரியம்.

## 2. வாய்மொழிப் பதிவு

மலையாளத்தின் முதல் படத்தை எடுத்த ஜே.சி. டேனியல் பல் வைத்தியராகப் பிழைத்து, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தில் 1975-ல் இறந்தார். அவர் எடுத்த 'விகதகுமாரன்' இன்று கிடையாது, சில புகைப்படங்கள்தான் மிச்சம். சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்ற பத்திரிகையாளர் தேடிப்போய் அவரைச் சந்தித்துக் கேட்டு எழுதியதால்தான் அந்த மனிதரும் அவருடைய முயற்சியும் வரலாற்றில் நிலைத்தார்கள். பிலிம் போன பிறகும் பேச்சு காப்பாற்றியது. நாம் இருபது பேர் சேர்ந்து செய்யக்கூடிய வேலையும் அதுதான்.

பிரபலங்களைத் தேட வேண்டாம், அவர்களை ஏற்கெனவே பலர் பேட்டி எடுத்துவிட்டார்கள். ஆபரேட்டர், டிக்கெட் கிழித்தவர், படப்பெட்டி தூக்கியவர், போஸ்டர் ஒட்டியவர், மாட்டு வண்டியில் நோட்டீஸ் வீசியவர், டூரிங் டாக்கீஸில் கொட்டகை போட்டவர், கேன்டீன் நடத்தியவர் என்று போங்கள். பெண்களைக் கட்டாயம் சேருங்கள். பெண்கள் கவுன்ட்டரில் டிக்கெட் கொடுத்தவர், கூட்டிப் பெருக்கியவர், வீட்டுக்குத் தெரியாமல் மேட்னி ஷோ போனவர். நான் பார்த்தவரை, இத்தகைய தொகுப்புகளில் பெண் குரல் மிகக் குறைவு. ஊரின் பாதி நினைவு அதனால் விடுபட்டுப் போகிறது.

கேள்வி கேட்பதில்தான் முழுச் சூட்சுமமும். "அந்தக் காலத்தில் எம்.ஜி.ஆர். படம் எப்படி ஓடியது?" என்று கேட்டால் எல்லா ஊரிலும் ஒரே பதில் வரும். "பெட்டி எந்த பஸ்ஸில் வரும்? லேட்டானால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரே பிரிண்டை இரண்டு தியேட்டரில் ஓட்டியது, முதல் ரீல் முடிந்ததும் சைக்கிளில் அடுத்த தியேட்டருக்குப் பறந்தது, நடுவில் மழை பிடித்துக்கொண்டது என்று வரிசையாக வரும்.

முடிந்தால் பேச்சோடு கையையும் படமெடுங்கள். ஒரு பழைய ஆபரேட்டரிடம் பிலிம் துண்டு ஒன்றைக் கொடுத்தால், அதன் ஓரத்தை ஈர உதட்டில் வைத்துப் பார்ப்பார். ஒட்டுகிற பக்கம் எமல்ஷன், அதாவது படம் பதிந்திருக்கும் பூச்சு. இருட்டு அறையில் அதுதான் அவருக்கு அடையாளம். படத்தின் வலது மேல் மூலையில் சட்டென்று தோன்றி மறையும் புள்ளியைப் பற்றிக் கேளுங்கள். ரீல் முடிய எட்டு நொடி இருக்கும்போது முதல் புள்ளி: அடுத்த புரொஜெக்டரின் மோட்டாரை ஓடவிட வேண்டும். ஒரு நொடி இருக்கும்போது இரண்டாவது: மாற்ற வேண்டும். அதற்கிடையில் புரொஜெக்டருக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சிகள் எரிந்து குறையக் குறைய இடைவெளியைச் சரிசெய்தபடி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திரையில் வெளிச்சம் மங்கும், கீழேயிருந்து விசில் பறக்கும். இதை அவர் சும்மா சொல்லும்போது பாதிதான் வரும். ஒரு பழைய மெஷின் முன்னால் நிறுத்தினால், மறந்துவிட்டேன் என்று சொன்னவரின் கை தானாக வேலையைச் செய்து காட்டும்.

சரி, செலவுக்கு வருவோம். கேமராவுக்கு போன் போதும். ஆனால் சட்டையில் குத்தும் மைக் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். மங்கலான படத்தை மன்னிக்கலாம், மின்விசிறிச் சத்தத்தில் கரைந்துபோன குரலை ஒன்றும் செய்ய முடியாது. 4கே-யில் எடுத்தால் மணிக்கு 10 முதல் 20 ஜிபி வரை போகும், இரண்டு ஹார்ட் டிஸ்க் வேண்டும். பெரிய மறைவான செலவு, கேட்டு எழுதுவது. ஒரு மணி நேரப் பேச்சைத் தட்டச்சு செய்ய நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். எழுத்தாக்காத பேட்டியைப் பின்னால் வருகிற யாரும் முழுதாகக் கேட்கப்போவதில்லை. இருபது பேட்டி எடுத்துக் கிடப்பில் போடுவதைவிட எட்டு பேட்டி எடுத்து எட்டையும் எழுதி முடிப்பது மேல்.

இன்னொரு செலவு, உறவு சம்பந்தப்பட்டது. தியேட்டர் பாகப் பிரிவினை வழக்கில் இருக்கும். யார் எங்கே உட்கார அனுமதிக்கப்பட்டார்கள் என்று பேச்சு வந்தால் சாதி வரும். பேசியவர் மறுநாள் கூப்பிட்டு "அதை எடுத்துடுங்க தம்பி" என்பார். எடுத்துவிடத்தான் வேண்டும், அல்லது அவர் சொல்லும் காலம்வரை பூட்டி வைக்க வேண்டும். ஒப்புதல் கடிதத்தில் அதற்கென்று ஒரு வரி முன்பே இருக்கட்டும்.

நினைவு ஆண்டை மாற்றிச் சொல்லும். இரண்டு படங்களை ஒன்றாகக் கலக்கும். பேட்டி மட்டும் வைத்து வரலாறு எழுத முடியாது. அதனால்தான் அடுத்த வழியும் தேவைப்படுகிறது.

## 3. காகிதம் சேகரித்து ஸ்கேன் செய்யும் பட்டறை

தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியானது. இன்று அதன் பிரிண்ட் இல்லை. அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் பத்திரிகை விளம்பரம், நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் வழியாகத்தான். 'காளிதாஸ்' படத்துக்குப் பாட்டு எழுதிய மதுரகவி பாஸ்கரதாஸின் நாட்குறிப்புகள் குடும்பத்தாரின் முயற்சியால் பிற்பாடு அச்சில் வந்தன. ஒரு வீட்டில் பத்திரமாக இருந்த காகிதம் எவ்வளவு பெரிய சொத்து என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பாட்டுப் புத்தகம் என்றால் பாட்டு மட்டும் இல்லை. நடிகர் பட்டியல், தொழில்நுட்பக் கலைஞர்கள், கம்பெனி முகவரி, கதைச் சுருக்கம் எல்லாம் இருக்கும். கதை முக்கியமான இடத்துக்கு வரும்போது 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நின்றுவிடும். திரையே போய்விட்ட படங்களுக்கு அந்தப் பாதிக் கதைதான் இன்று மிச்சம். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இப்படிப்பட்ட பாட்டுப் புத்தகங்களையும் நோட்டீஸ்களையும் பாதுகாக்கிறது. 'பிலிம் நியூஸ்' ஆனந்தன் ஒற்றை ஆளாகச் சேர்த்த தகவலும் படங்களும் இல்லாமல் தமிழ் சினிமாப் பட்டியலே எழுத முடியாது.

உங்கள் ஊரில் கிடைப்பது பெரும்பாலும் இன்னும் சின்னப் பொருளாக இருக்கும்: டிக்கெட் கட்டு, தினசரி வசூல் நோட்டு, கேளிக்கை வரி ரசீது, டூரிங் டாக்கீஸ் லைசென்ஸ், ரசிகர் மன்ற அடையாள அட்டை, நூறாவது நாள் கேடயத்தின் புகைப்படம். பெரிய காப்பகங்கள் இவற்றைத் தேடி வரப்போவதில்லை. வசூல் நோட்டு ஒன்று கிடைத்தால், எந்தப் படம் எத்தனை நாள் ஓடியது, எந்த வகுப்பில் எவ்வளவு பேர் வந்தார்கள் என்று ஊரின் ரசனையையே எழுதிவிடலாம்.

செலவு குறைவு. பிளாட்பெட் ஸ்கேனர் ஒன்று, லேப்டாப் ஒன்று, மெல்லிய தூரிகை, அமிலமில்லாத உறை. ஏ4 அளவுத் தாளை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) வண்ணத்தில் சுருக்காத டிஃப் (TIFF) கோப்பாக வைத்தால் சுமார் 100 எம்பி ஆகும், 300-ல் அதில் கால்பங்கு. சாதாரணத் தாளுக்கு 300 போதும், புகைப்படத்துக்கு 600. பாட்டுப் புத்தகத்தை ஆட்டோ ஃபீடர் ஸ்கேனரில் மட்டும் விடாதீர்கள்.

மறைவான செலவு விவரக் குறிப்பு எழுதுவதில் இருக்கிறது. 'IMG' என்று தொடங்கும் ஆயிரம் கோப்புகள் குப்பைக்குச் சமம். பொருள் என்ன, யாரிடமிருந்து, எந்தத் தியேட்டர், எந்த ஆண்டு, அதைப் பற்றிக் கொடுத்தவர் என்ன சொன்னார் என்று ஒவ்வொன்றுக்கும் எழுத வேண்டும். அது அலுப்பான வேலை. சினிமா எடுக்கலாம் என்று வந்த பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். மூலப்பொருளை அன்றே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதும் கறாரான விதி. ஒரு வீட்டு ஆல்பம் தொலைந்தால் அந்தத் தெருவே கதவைச் சாத்திவிடும்.

ஊரில் ஒரு சேகரிப்பாளரோ, மூடிய தியேட்டரின் அலுவலக அலமாரியோ இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் இதைத் தேர்ந்தெடுங்கள். "ஏதாவது கிடைக்கும்" என்ற நம்பிக்கையில் மட்டும் அறிவித்துவிடாதீர்கள்.

## 4. பிலிம் சுருளைக் காக்கும் பட்டறை

கேட்கும்போது இதுதான் உண்மையான சினிமாப் பாதுகாப்பு போலத் தெரியும். ஓர் ஊர்க் குழு இதைத் தனியாகச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

1950-களின் தொடக்கம் வரை புழங்கிய நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும். எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. பின்னால் வந்த அசிடேட் பிலிம் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சிதையும்போது வினிகர் வாடை வரும். அந்த ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். நம் ஊர் வெயிலுக்கும் கடலோரக் காற்றுக்கும் இது சீக்கிரமே நடக்கும்.

பணக் கணக்கும் ஊர்க் குழுவுக்கு ஒத்துவராது. 1,000 அடி ரீல் சுமார் 11 நிமிடம் ஓடும், இரண்டரை மணி நேரப் படத்துக்கு 13, 14 ரீல் வேண்டும். 4கே-யில் ஃபிரேம் ஃபிரேமாக ஸ்கேன் செய்தால் ஒரே படத்துக்குப் பத்து டெராபைட் அளவில் இடம் போகும். ஸ்கேனருக்கும் பழுது நீக்கத்துக்கும் ஆகும் செலவு தனி.

அப்படியானால் சுருள் கிடைத்தால் என்ன செய்வது? டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் போட்டோ எடுங்கள், எண்ணிக்கையைக் குறியுங்கள், காற்றோட்டமான நிழலில் வையுங்கள். ஒட்டிப்போய், பொடியாகி, பழுப்பாக இருந்தால் திறக்கவே வேண்டாம். பழைய புரொஜெக்டரில் மாட்டி ஓட்டிப் பார்க்கும் ஆசை யாருக்கும் வரக் கூடாது. பிறகு புனேயில் இருக்கும் தேசியத் திரைப்படக் காப்பகத்துக்கு எழுதுங்கள். 1933-ல் வந்த 'மார்த்தாண்ட வர்மா' பேசாப் படம் அங்கேதான் இருக்கிறது. படத்துக்கு மூலமான நாவலின் உரிமை யாருக்கு என்ற வழக்கில் மாட்டி முடங்கிய அந்தப் படத்தின் பிரிண்ட், திருவனந்தபுரத்தில் வழக்குப் போட்ட புத்தக வெளியீட்டாளரிடமே இருந்து, 1974-ல் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தென்னிந்தியப் பேசாப் படங்கள் அநேகமாக எல்லாமே அழிந்துவிட்ட நிலையில் இது பெரும் பேறு.

கற்றுக்கொள்ள ஆசைப்படும் ஒருவர் இருந்தால், அவரை முறையான பயிற்சிக்கு அனுப்பப் பணம் திரட்டுங்கள். ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் என்ற பிலிம் பாதுகாப்பு அமைப்பு இத்தகைய பயிற்சிகளை நடத்துகிறது. 2017-ல் சென்னையிலேயே ஒன்று நடந்தது. இருபது பேருக்குப் பாதி சொல்லித் தருவதைவிட ஒருவருக்கு முழுதாகச் சொல்லித் தருவது இந்தத் துறையில் பாதுகாப்பும்கூட.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | குறும்படம் | வாய்மொழிப் பதிவு | காகிதம் | பிலிம் |
|---|---|---|---|---|
| அவசரம் | கட்டடம் இடியப்போகிறது என்றால் மட்டும் | மிக அதிகம் | அதிகம் | அதிகம், ஆனால் நம் கையில் இல்லை |
| தொடக்கச் செலவு | நடுத்தரம் | குறைவு | குறைவு | மிக அதிகம் |
| பிறகு வரும் செலவு | எடிட்டிங், மூலக் காட்சிகளைச் சேமிப்பது | கேட்டு எழுதுவது, ஹார்ட் டிஸ்க் | விவரக் குறிப்பு | ஸ்கேன், குளிரூட்டிய அறை |
| உரிமைச் சிக்கல் | சினிமாப் பாட்டு | பேசியவரின் ஒப்புதல் | புகைப்படம், அச்சகம், குடும்பம் | தயாரிப்பாளர், வாரிசுகள் |
| பிள்ளைகளுக்கு | எடுக்கும் கலை | கேட்கும் கலை, ஒலிப்பதிவு | பட்டியலிடும் ஒழுங்கு | ஒருவருக்கு மட்டும் ஆழமான பயிற்சி |

## எந்த ஊருக்கு எது

சேலம் போன்ற ஊர் என்றால் யோசிக்கவே வேண்டாம். டி.ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் எடுத்தது. இன்று ஏற்காடு சாலையில் நுழைவு வளைவு நிற்கிறது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் அந்த வளைவுக்குள் உருவானதுதான். அங்கே வேலை பார்த்தவர்களின் குடும்பங்களைத் தேடி வாய்மொழிப் பதிவும் காகிதமும் சேர்த்து நடத்தலாம். காலையில் பேட்டி, மாலையில் அதே வீட்டின் ஆல்பத்தை ஸ்கேன் செய்வது. சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜாவும் இருந்த கோவைக்கும், கோடம்பாக்கம் போவதற்கு முன் ஏவி.எம். படமெடுத்த காரைக்குடிப் பக்கத்துக்கும் இதே வழி பொருந்தும்.

ஸ்டுடியோ எதுவும் இல்லாத, இரண்டு தியேட்டரும் ஒரு டூரிங் டாக்கீஸும் மட்டும் இருந்த சாதாரண ஊர்தான் உங்களுடையது என்றால் வாய்மொழிப் பதிவோடு நில்லுங்கள். படம் பார்த்தவர்களின் வரலாறு அங்கேதான் இருக்கிறது. முதல் நாள் சாயங்காலம் பொதுவுடைமையான பழைய படம் ஒன்றைத் திரையிட்டு, "பழைய டிக்கெட், நோட்டீஸ், போட்டோ இருந்தால் கொண்டு வாருங்கள்" என்று அறிவியுங்கள். வருகிறவர்களில் யார் நன்றாகப் பேசுகிறார் என்பதும் அன்றே தெரிந்துவிடும். எந்தப் படம் என்று முடிவெடுக்கும் முன் உரிமைக் கணக்கைப் பார்த்துவிடுங்கள்.

கட்டடம் இடிக்கத் தேதி குறித்தாயிற்று என்றால் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு அங்கே போய்ப் படமெடுங்கள். கதை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பழைய ஆபரேட்டரைக் கூட்டிக்கொண்டு போய் அறை அறையாக நடந்து பேசவிட்டால் குறும்படமும் பேட்டியும் ஒன்றாகிவிடும்.

இளைஞர்கள் வரவே மாட்டார்கள் என்ற நிலை இருந்தால் குறும்படம் என்றே அறிவியுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை வையுங்கள்: ஒவ்வொரு குழுவும் கதை எழுதும் முன் இரண்டு பேரை ஒரு மணி நேரமாவது பதிவு செய்ய வேண்டும், அந்தப் பதிவும் எல்லா மூலக் காட்சிகளும் பட்டறையின் டிஸ்க்கில் சேர்ந்த பிறகுதான் எடிட்டிங்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அறிவிப்பு வெளியிடும் முன் மாவட்ட நூலகத்துக்கோ கல்லூரி நூலகத்துக்கோ ரோஜா முத்தையா நூலகம் போன்ற இடத்துக்கோ ஒரு கடிதம் போட்டு, சேர்வதை வாங்கி வைத்துக்கொள்வீர்களா, எந்த வடிவில் வேண்டும், யார் பார்க்கலாம் என்று எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று அவர்களிடம், மற்றொன்று உங்கள் சங்கத்திடம், ஒப்புதல் கொடுத்தவர்களின் பதிவு மட்டும் இணையக் காப்பகத்தில். பதில் வராவிட்டால் தேதியைத் தள்ளிப்போடுங்கள், அல்லது ஏற்கத் தயாராக இருக்கும் வேறு நூலகத்தைப் பாருங்கள்.